சுங்கை சிப்புட்டில் ஒரு துணிக்கடை: அலுவலக உடைகளைத் தாமே தைத்துக்கொள்வோர் பார்வையில்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவில், பழைய இரட்டைமாடிக் கடைவரிசையொன்றின் நடுவில் இருக்கும் இந்தத் துணிக்கடையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள், பண்டிகைச் சேலைகளும் பள்ளிச் சீருடைகளும் விற்கும் இன்னொரு கடை என்றே நினைத்துக் கடந்து போவார்கள். முகப்பில் தொங்குவதும் அவைதாம். ஆனால் சேலை அடுக்குகளைத் தாண்டி உள்ளே போனால், வலப்பக்கச் சுவர் முழுவதும் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் துணிச் சுருள்கள், எதிரே நூலும் பொத்தானும் ஜிப்பும் அடங்கிய கண்ணாடி அலமாரி, கடைக்கோடியில் தையல் இயந்திரங்களோடு, துணி ஓரம் பிரியாமல் நூல் சுற்றித் தைக்கும் ஓர் ஓவர்லாக் இயந்திரம் என்று, வீட்டில் தைப்பவருக்கு வேண்டியதில் முக்கால் பங்கு ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. அலுவலகத்துக்கு உடுத்தும் உடைகள் அனைத்தையும் திட்டமிட்டு நானே தைத்துக்கொள்வது என்று முடிவெடுத்த பிறகு, துணியில் பெரும்பகுதியை இங்கேதான் வாங்கினேன். இந்த மதிப்பீடு அதைப் பற்றியது மட்டுமே; சேலைப் பகுதியைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

முதலில் என் தேவையைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வேறு வேலை பார்ப்பவருக்கு இதே கடை வேறு விதமாகத் தோன்றலாம். ஊருக்கு வெளியே செம்பனை (பாமாயில்) ஆலையொன்றின் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். நாளின் பெரும்பகுதி குளிர்சாதன அறையில் கழிகிறது; இடையிடையே லாரிகளின் எடைச்சீட்டைச் சரிபார்க்க எடைமேடை வரை வெயிலில் நடக்க வேண்டும். வழி முழுவதும் செம்மண் புழுதி. ஆகவே உள்ளே குளிரும் வெளியே வேர்வையும் இரண்டையும் தாங்கக்கூடிய, புழுதி படிந்தால் பளிச்சென்று காட்டிக்கொடுக்காத, கூட்டத்தில் மேலாளர் எதிரே உட்கார்ந்தாலும் குறைவாகத் தோன்றாத உடைகள் எனக்குத் தேவைப்பட்டன.

ஒன்றோடொன்று மாற்றி மாற்றி உடுத்தக்கூடிய சில உடைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் ‘கேப்சூல் வார்ட்ரோப்’ என்ற எண்ணத்தை 1970-களில் பரப்பியவர் இலண்டனில் ஆடைக்கடை நடத்திய சூசி ஃபாக்ஸ். அமெரிக்க வடிவமைப்பாளர் டோனா கேரன் 1985-இல் ஏழே உடைகள் கொண்ட ஒரு தொகுப்பை வெளியிட்டு, அதை வேலைக்குப் போகும் பெண்களிடம் கொண்டு சேர்த்தார். அந்த ஏழில் காஷ்மீர் கம்பளியில் பின்னிய மேற்சட்டையும் ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு பிற்பகல் இரண்டு மணிக்கு எங்கள் எடைமேடைக்குப் போய் வரச் சொன்னால் அந்த அம்மையாரே பட்டியலைத் திருத்தி எழுதியிருப்பார். நான் அந்த முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, பட்டியலை நம் வெயிலுக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொண்டேன்: இரண்டு கால்சட்டைகள், கணுக்கால் வரை நீளும் ஒரு பாவாடை, முழங்காலுக்குச் சற்று மேல் வரை வரும் ஐந்து மேற்சட்டைகள், மேற்சட்டைக்கு மேல் கோட்டு போலப் போட்டுக்கொள்ளும், லைனிங் (உள்துணி) இல்லாத ஒரு மெல்லிய ஜாக்கெட், வியாழக்கிழமைக்கு மெழுகிட்டுச் சாயமேற்றிய பாத்தேக் துணியில் ஒரு பாஜு குரோங் (நீண்ட சட்டையும் பாவாடையும் கொண்ட மலாய்ப் பெண்களின் உடை). அரசு ஊழியர்கள் வியாழக்கிழமைகளில் பாத்தேக் அணியும் வழக்கம் எங்கள் ஆலைக்கும் பரவிவிட்டது.

கணக்குப் பிரிவில் இருப்பதால் இதையும் கணக்காகவே பார்க்கிறேன். கீழே உடுத்துபவை மூன்று, மேலே உடுத்துபவை ஐந்து. எல்லாம் எல்லாவற்றோடும் பொருந்தினால் பதினைந்து சேர்க்கைகள். ஒரு மேற்சட்டை நிறத்தில் ஒத்துவராமல் போனால் மூன்று சேர்க்கைகள் போகும், ஒரு கால்சட்டை ஒத்துவராமல் போனால் ஐந்து போகும். ஆகவே பணத்தையும் பொறுமையையும் கால்சட்டைத் துணியில்தான் அதிகம் செலவிட வேண்டும் என்பது தெளிவு. நம்மில் பலர் செய்வது இதற்கு நேர்மாறானது. பூப்போட்ட மேற்சட்டைத் துணியை ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கீழே ஒரு கறுப்பு லெகிங்ஸை மாட்டிக்கொள்கிறோம்.

இந்தக் கடையின் பெருமை இங்கேதான் தொடங்குகிறது. கடைக்காரரின் மனைவி, வாடிக்கையாளர்கள் எல்லாரும் அக்கா என்று அழைப்பவர், துணிப்பகுதியைப் பார்த்துக்கொள்கிறார். கருநீலத்தில் கால்சட்டைத் துணி வேண்டும் என்று கேட்டதும் சுருளை இறக்கி விரிக்கவில்லை. “எங்க போட்டுட்டுப் போகப் போறம்மா, ஆபீசுக்கா கோயிலுக்கா? வெயில்ல நடப்பியா?” என்று விசாரித்த பிறகே கையை அலமாரிக்குக் கொண்டு போனார். மூன்று கருநீலங்களை எடுத்து, மூன்றையும் கடைக்குள் பார்க்க விடாமல் வெளியே ஐந்தடி நடைபாதைக்குக் கொண்டு வந்து பகல் வெளிச்சத்தில் அருகருகே பிடித்தார். குழல்விளக்கின் கீழ் ஒரே நிறமாகத் தெரிந்த மூன்றில் ஒன்று ஊதாவின் பக்கம் சாய்ந்தது, மற்றொன்றில் பச்சை கலந்திருந்தது. இரண்டு துணிகளுக்கு வெவ்வேறு சாயங்கள் ஏற்றியிருந்தால், ஒரு விளக்கில் ஒத்துப்போகும் நிறங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்து நிற்கும். இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் உண்டு. வாடிக்கையாளர் கேட்காமலே சுருளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடப்பவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சுருளில் ஒட்டியிருக்கும் சீட்டை அவர் நம்புவதில்லை. ‘காட்டன்’ என்று எழுதியிருந்த ஒரு துணியின் கரையிலிருந்து நீளவாக்கில் ஓர் இழையும் அகலவாக்கில் ஓர் இழையும் உருவி, ஒரு தகர மூடியின் மேல் வைத்து லைட்டரைக் காட்டினார். நீள இழை காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, விரல் பட்டதும் உதிரும் சாம்பலானது. அகல இழை தீயைக் கண்டதும் சுருங்கி, கரும்புகை விட்டு, நுனியில் கடுகளவு கறுப்பு மணியாக இறுகியது. “பாதிக்குப் பாதி பாலியெஸ்டர், சீட்டுல எழுதியிருக்கிறத விடு” என்று சொல்லி அதன் விலையைக் குறைத்தும் சொன்னார். எரித்துப் பார்க்கும் சோதனையில் பருத்தியும், மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸும் ஒரே மாதிரிதான் எரியும் என்பதால், அந்த இரண்டையும் பிரித்தறிய இழையைத் தண்ணீரில் நனைத்து இழுத்துக் காட்டினார். பருத்தி இழை நனைந்தால் உறுதி கூடும், விஸ்கோஸ் நனைந்தால் வலுவிழந்து சட்டென்று அறும். வியர்வையில் நனையும் அக்குள் தையலுக்கு இந்த வேறுபாடு சிறியதன்று. நான் மேற்சட்டைகளில் நான்கைப் பருத்தியிலும், ஒன்றை மட்டும் கூட்ட நாட்களுக்காக நன்கு மடிந்து விழும் விஸ்கோஸிலும் தைத்ததற்கு அந்த ஓர் இழைதான் காரணம்.

கால்சட்டைகளுக்குப் பாலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணியை எடுத்தேன். தூய பருத்திதான் நம் வெப்பத்துக்கு ஏற்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்து எழுபவருக்குப் பருத்திக் கால்சட்டை பதினோரு மணிக்குள் முழங்காலின் பின்புறம் கசங்கிவிடும், லினன் அதற்கும் முன்பே கசங்கிவிடும். இந்தக் கலப்புத் துணியில் பாலியெஸ்டர் கசங்கலைத் தடுக்கிறது, விஸ்கோஸ் வேர்வையை ஓரளவு வாங்கிக்கொள்கிறது. ஒன்று கருநீலம், மற்றொன்று சாம்பல் கலந்த பழுப்பு. பாவாடையும் அதே பழுப்புக் குடும்பத்தில், சற்று அடர்ந்த நிறத்தில் அமைந்தது. செம்மண் புழுதியைப் பொறுத்தவரை பழுப்பை விஞ்சிய நிறம் இல்லை.

விலை விஷயத்தில் புதிதாகத் தைக்க வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணியின் அகலம் பெரும்பாலும் 45 அங்குலம் அல்லது 60 அங்குலம். 45 அங்குலத் துணியில் கால்சட்டைக்கு இரண்டு நீளம் வேண்டும், அதாவது என் உயரத்துக்கு 2.4 மீட்டர், 60 அங்குலத் துணியில் முன்பாகத்தையும் பின்பாகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிவிடலாம் என்பதால் 1.3 மீட்டர் போதும். மீட்டர் 14 வெள்ளி (ரிங்கிட்) என்று மலிவாகத் தோன்றிய துணி 33 வெள்ளி 60 சென்னுக்கு வந்தது. மீட்டர் 22 வெள்ளி என்று தயங்க வைத்த துணி 28 வெள்ளி 60 சென்னில் முடிந்தது. விலைச்சீட்டில் அகலத்தையும் சேர்த்து எழுதி வைத்தால் எவ்வளவோ உதவியாக இருக்கும். இந்தக் கடையில் அப்படி எழுதுவதில்லை, ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இடுப்புச் சுற்றளவு அதிகமுள்ளவர்களுக்கு 60 அங்குலத்திலும் இரண்டு நீளம் தேவைப்படலாம் என்பதால், வெட்டச் சொல்வதற்கு முன் காகித அச்சை (உடையின் பாகங்களை அளவுக்கு வரைந்து வெட்டிய காகிதத்தை) துணிமேல் பரப்பிப் பார்த்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். மேசை காலியாக இருந்தால் மறுப்பதில்லை.

வெட்டும் விதத்திலும் கவனம் தெரிகிறது. வெற்றுப் பருத்தித் துணியைக் கத்தரியால் ஓர் அங்குலம் வெட்டிவிட்டு, கையால் கிழித்துக் கொடுக்கிறார்கள். கிழிசல் இழையோடு போவதால் ஓரம் கோணாது. அச்சிட்ட துணியையும் கிரேப்பையும் மட்டும் அளவுகோல் வைத்து வெட்டுகிறார்கள். பருத்தியை முதல் சலவையில் நீளவாக்கில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கும் என்று கணக்கிட்டு, இரண்டரை மீட்டர் கேட்டவரிடம் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் கூடுதலாக எடுக்கச் சொல்கிறார் அக்கா. விற்பனைத் தந்திரம் என்று நினைக்க இடமுண்டு. துணியை நனைத்துக் காய வைத்து அளந்தபோது அவர் சொன்ன அளவுக்கே சுருங்கியிருந்தது. ஜாக்கெட்டும் கால்சட்டையும் ஒரே நிறத்தில் வேண்டுமானால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சுருளிலிருந்து ஒரே நாளில் எடுத்துவிட வேண்டும் என்பதையும் அவரே நினைவூட்டினார். அடுத்த சுருள் வேறு சாயத்தொட்டியிலிருந்து வந்திருக்கும். நிறம் மயிரிழை பிசகினாலும் ஜாக்கெட்டின் ஓரம் கால்சட்டையோடு சேரும் இடத்தில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

பாத்தேக் பகுதி சிறியது, ஆனால் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். பாஜு குரோங்குக்கு நான்கு மீட்டராகவே விற்கப்படும் கையால் தீட்டிய துணிகள் கிளந்தானிலிருந்து வருகின்றன. சாயம் நிலைக்கப் பூசப்படும் சோடியம் சிலிக்கேட் சில துணிகளில் முழுவதும் போகாமல் இருக்கும். அதனால் தண்ணீரில் வழுவழுப்பு நிற்கும் வரை அலசிய பிறகே வெட்ட வேண்டும் என்று பைக்குள் கையெழுத்துச் சீட்டு ஒன்றைப் போட்டுத் தருகிறார்கள். பூவேலை நிமிர்ந்திருக்கும் திசையைப் பார்த்து அச்சை வைக்க வேண்டியிருப்பதால் துணி சற்று வீணாகும். பாஜு குரோங் தைத்ததில் எனக்குக் கிடைத்த லாபம் வேறு. அதன் அக்குளில் வைக்கும் சிறு சதுரத் துண்டு, மலாய்க்காரர்கள் ‘கெக்கெக்’ என்பது, கையை உயர்த்தும்போது சட்டை முழுவதும் மேலே ஏறாமல் தடுக்கிறது. மேல்தட்டிலிருந்து கோப்புகளை எடுக்கும் வேலை எனக்கு ஓயாமல் இருப்பதால், மீதி மேற்சட்டைகளிலும் அதே துண்டை வைத்துத் தைத்துவிட்டேன். ஆயத்த ஆடைக் கடையில் இது எளிதில் கிடைக்காது.

கடையின் பின்பகுதியில் இருக்கும் தையல் சேவை, முழு உடையும் தைக்கக் கொடுப்பவர்களுக்காக மட்டும் இல்லை. வீட்டில் தைப்பவர்கள் ஓவர்லாக்குக்கும் காஜாவுக்கும் (பொத்தான் துளைக்கும்) மட்டும் கொண்டு வரலாம். காஜா ஒன்றுக்கு 50 சென், ஓவர்லாக் ஓர் உடைக்கு 3 வெள்ளி. காஜா வேலை மிகச் சுத்தம். பின்பக்கம் நூல் தொங்கவில்லை, ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் கட்டு இறுக்கமாக விழுந்திருக்கிறது. வீட்டு இயந்திரத்தில் ஜாக்கெட் முகப்பின் தடித்த அடுக்குகளில் காஜா போட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொள்வதைவிட ஐந்து காஜாவுக்கு இரண்டரை வெள்ளி கொடுத்துவிடலாம். ஓவர்லாக்கைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. கறுப்பு, வெள்ளை என்று இரண்டே நூல்கள்தாம் மாட்டியிருக்கிறார்கள். பழுப்புக் கால்சட்டைக்கு வெள்ளையும் ஒத்துவரவில்லை, கறுப்பும் ஒத்துவரவில்லை. நானே நூல்கண்டு வாங்கித் தருகிறேன் என்றபோதும், நூல் மாற்ற நேரமில்லை என்று தையல்காரர் தலையசைத்துவிட்டார். மெல்லிய மேற்சட்டைகளின் பக்கவாட்டுத் தையல்களை நான் துணி ஓரம் உள்ளே மறையும்படி இரட்டையாக மடித்துத் தைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கடையின் பலவீனம் உள்ளே மறையும் பொருள்களில் இருக்கிறது. கழுத்துப்பட்டிக்கும் ஜாக்கெட் முகப்புக்கும் உள்ளே வைக்கும், இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் கேன்வாஸ் ஒரே வகைதான் கிடைக்கிறது. பள்ளிச் சீருடைக் காலருக்கு ஏற்ற அந்தத் தடிமன் மெல்லிய துணிக்கு ஒத்துவராது. அவர்கள் கொடுத்ததை ஒரு மேற்சட்டையின் கழுத்தில் ஒட்டி, ஈரத்துணி போட்டு அழுத்தி, ஆற வைத்துத்தான் தைத்தேன். ஆனாலும் இரண்டு சலவைக்குப் பிறகு மேலே கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிட்டது. பிரித்துக் காட்டியபோது அக்கா மறுபேச்சில்லாமல் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், ஆனால் மாற்றாகத் தர அவரிடம் வேறு வகை இல்லை. ஜாக்கெட்டுக்கான நெய்த கேன்வாஸை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவிலிருந்து வாங்கி வர வேண்டியதாயிற்று. மறைஜிப்பிலும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, கருநீலம் தவிர வேறு நிறம் அநேகமாக இருப்பதில்லை. பாவாடைக்குள் வைக்க லைனிங் என்று கேட்டால் காற்றோட்டமே இல்லாத பாலியெஸ்டர் டஃபேட்டாவைத்தான் காட்டுகிறார்கள். நான் மெல்லிய வெள்ளைப் பருத்தியை வைத்துத் தைத்துக்கொண்டேன்.

ஊசி வாங்கும்போதும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வீட்டு இயந்திர ஊசியின் மேற்பகுதி ஒரு பக்கம் தட்டையாகவும், தொழிற்சாலை இயந்திர ஊசியின் மேற்பகுதி முழு வட்டமாகவும் இருக்கும். இங்கே இரண்டும் ஒரே இழுப்பறையில் கலந்து கிடக்கின்றன, கடைப்பையன் எதை எடுத்துக் கொடுப்பான் என்று சொல்ல முடியாது. உறையின் மேல் உள்ள எண், ஊசியின் தடிமனை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்குகளில் குறிப்பது: மேற்சட்டைப் பருத்திக்கு 80, விஸ்கோஸுக்கு 70, கால்சட்டையின் இடுப்புப் பட்டிக்கு 90 எனக்குச் சரியாக இருந்தன.

ஈப்போவின் லாஹாட் சாலை வட்டாரத்திலும், கோலாலம்பூரின் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையிலும் இதைவிடப் பன்மடங்கு துணிகள் குவிந்து கிடக்கின்றன, விலையும் சில இடங்களில் குறைவு. விழாவுக்கு ஓர் உடை தைக்க நினைப்பவர் தாராளமாக அங்கே போகலாம். பத்து உடைகள் ஒன்றோடொன்று இசைய வேண்டும் என்ற திட்டத்தோடு போகும்போது அந்த மிகுதியே தொல்லையாகிறது: நூறு கருநீலங்களின் நடுவே நின்று வீட்டிலிருக்கும் ஜாக்கெட்டின் கருநீலத்தை நினைவிலிருந்து தேட வேண்டியிருக்கும். இணையத்தில் வாங்குவதிலும் இதே சிக்கல், கைபேசித் திரையின் நிறம் துணியின் நிறமாக இருப்பதில்லை. இந்தக் கடையில் நான் வாங்கிய ஒவ்வொன்றிலிருந்தும் விரல் நீளத் துண்டை வெட்டி, பற்றுச்சீட்டின் பின்புறம் பின் அடித்துக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைக் கைப்பையில் வைத்திருந்ததால் அடுத்த மேற்சட்டைத் துணியை எடுக்கும்போது முன்பு எடுத்தவற்றோடு அங்கேயே ஒப்பிட முடிந்தது. நான் கேட்டுச் செய்ததில்லை. அக்காவின் வழக்கமே அது. என் தொகுப்பு பதினைந்து சேர்க்கைகளிலும் இசைந்து வந்ததற்கு, தையலில் எனக்குள்ள பழக்கத்தைவிட அந்தத் துண்டுகளே அதிகம் உதவின என்று நினைக்கிறேன்.

காகித அச்சுகள் இங்கே விற்பதில்லை. நன்றாகப் பொருந்தும் பழைய உடையொன்றைப் பழுப்புக் காகிதத்தில் வைத்து வரைந்துகொள்பவருக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. புர்டா என்ற ஜெர்மானியத் தையல் இதழிலிருந்து அச்சு எடுப்பவர்கள் தையலுக்கான ஓரம் அதில் சேர்க்கப்பட்டிருக்காது என்பதை நினைவில் வைத்து ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும்.

போக நினைப்பவர்கள் தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்தைய இரண்டு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது கடைக்கோடி இயந்திரங்கள் ரவிக்கையிலும் பாஜுவிலும் மூழ்கிப் போகும். காஜாவுக்குக் கொடுத்த துணி பண்டிகை முடிந்துதான் கைக்கு வரும். அக்காவுக்கும் வாசல் வரை சுருளைத் தூக்கி வர நேரம் இருக்காது. வாரநாளில் காலைப் பொழுதே நல்லது, அதுவும் மழை மூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும். கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது அரிது. பொத்தான் வாங்குவதானால் கண்ணாடி அலமாரியில் தெரியும் பிளாஸ்டிக் வகைகளோடு நின்றுவிட வேண்டாம். தேங்காய்ச் சிரட்டையில் செய்த பழுப்புப் பொத்தான்களைக் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார்கள், கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.